காற்று எந்தப் பக்கம்

காலையில் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குப் பிறகு, வானத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் தரைக்கு வந்து சேரும்வரை அவள் ஒரு சொட்டும் குடிக்க மாட்டாள். இரண்டு முறை சிறுநீரகக் கல் எடுத்தாயிற்று. இரண்டாம் முறை மருத்துவர் கேட்டார்: "என்ன வேலை பாக்கறீங்க?"

"உக்காந்து பேசற வேலை, டாக்டர்."

"அப்புறம் தண்ணி குடிக்க என்ன கஷ்டம்?"

அவர் மருந்துச் சீட்டில் தண்ணீர் என்று எழுதி இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளி. ஒரு ஓடுபாதை, விமானங்களை நிறுத்தத் தகரக் கொட்டகை, ஓர் அலுவலகம். அலுவலகத்துக்கு மேல் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. அந்த அறையில்தான் அவள் ரேடியோவின் முன் உட்கார்ந்திருப்பாள். மேலே பறக்கும் மாணவர்கள் கூப்பிட்டால், காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது, பக்கத்தில் வேறு விமானம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நேரத்தை நோட்டில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இறங்கு, இறங்காதே என்று உத்தரவு போடும் அதிகாரம் அவளுக்குக் கிடையாது. ஆனாலும் மாணவர்கள் அவளை 'டவர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மாடிப்படி பதினெட்டே பதினெட்டு. அதற்கு டவர் என்று பெயர்.

மாணவர்கள் எல்லாம் பதினாறு முதல் பத்தொன்பது வயதுக்குள். பாதிப் பேர் கார் ஓட்ட உரிமம் கிடைக்காத வயதில் விமானம் ஓட்ட வருகிறவர்கள். அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கி, "ஹெல்மெட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்கப்பா" என்று கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் இரண்டாயிரம் அடி உயரத்தில் தனியாக இருப்பார்கள். சிலருக்கு அப்போதுதான் குரல் உடைந்துகொண்டிருக்கும். ரேடியோவில் ஒரே வாக்கியம் பையன் குரலில் தொடங்கி ஆள் குரலில் முடியும். அவர்களுக்குள் ஒரு கேலி உண்டு: டவர் அக்காவுக்கு குட் மார்னிங் சொன்னாலும் "காத்து தெற்கேருந்து, எட்டு நாட்" என்று திசையும் வேகமும்தான் பதிலாக வரும். உண்மைதான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவள் காற்றைச் சொல்லிவிடுவாள்.

அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறையும் இருந்தது. அதன் சுவரில், ரேடியோவில் வருவது உள்ளேயும் கேட்பதற்கென்று ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கர் வைத்த கழிப்பறை உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று மாணவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். தனியாகப் பறக்கும் மாணவன் ஒருவன் மேலே இருக்கும்போது அவள் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. அது கட்டப்பட்டதே அவள் சொன்ன ஒரு பொய்யினால்தான்.

பதினாறு வருடங்களுக்கு முன், அவளுக்கு இருபத்தேழு வயது. வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடம். அப்போது 'விசில்' என்று ஒரு மாணவன் இருந்தான். பதினேழு வயது. எப்போதும் உதட்டில் ஏதாவது ஒரு மெட்டு. ரேடியோப் பொத்தானை அழுத்திய பிறகும் மெட்டு முடியாமல் அவள் காதில் விழும். "ஏழு மூணு, பாட்டு முடிஞ்சுதுன்னா செய்தி சொல்லலாம்" என்று அவன் விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவாள். "சாரிக்கா" என்பான். அடுத்த முறையும் அதேதான்.

அன்று அவனுக்கு நான்காவது தனிப் பயணம். ஏரிவரை போய்த் திரும்ப வேண்டும். கிளம்பும்போது காற்று தெற்கிலிருந்து. அவள்தான் சொன்னாள், அவன் திருப்பிச் சொன்னான். வேறு யாரும் மேலே இல்லை. பயிற்சி ஆசிரியர் கொட்டகையில், இன்னொரு விமானத்தின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் பக்கத்தில் குந்தியிருந்தார். பத்தரை மணிக்குக் கீழே அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. அவள் தங்கை. கல்யாணமாகி இருபது நாள் ஆகியிருந்தது.

அவள் கீழே இறங்கிப்போனாள். ஐந்து நிமிடம் என்றுதான் நினைத்தாள். தங்கை புகுந்த வீட்டுக் கதை ஒன்றை ஆரம்பித்தாள். அதைக் கேட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்ப மேலே வந்தபோது பத்து ஐம்பது. ரேடியோவில் சின்ன இரைச்சல் மட்டும். சன்னலுக்கு வெளியே கம்பத்தில் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்தாள். அது திரும்பியிருந்தது. காற்று வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏழு மூணு, டவர்" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

விசாரணையின்போது ஒலிப்பதிவைப் போட்டார்கள். மூன்று அழைப்புகள். பத்து நாற்பத்திரண்டுக்கு: "டவர், ஏழு மூணு, ஏரியைத் தாண்டிட்டேன், திரும்பி வர்றேன்." ஒன்றரை நிமிடம் கழித்து: "டவர், ஏழு மூணு. எஞ்சின் ஒரு மாதிரி இருக்கு. விட்டு விட்டு ஓடுது. கேக்குதா?" மூன்றாவது, பத்து நாற்பத்தைந்துக்கு. அதில் டவர் என்றும் இல்லை, ஏழு மூணு என்றும் இல்லை. "காத்து எந்தப் பக்கம்?" அவ்வளவுதான்.

எரிபொருளில் தண்ணீர் கலந்து எஞ்சின் நின்றிருந்தது. அவன் பதறவில்லை. சொல்லிக்கொடுத்தபடி ஒரு தரிசு நிலத்தைப் பார்த்துப் பிடித்தான். காற்று இன்னும் தெற்கிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, எதிர்க்காற்றில் வேகம் குறையட்டும் என்று தெற்குப் பார்த்து இறக்கினான். பின்னாலிருந்து காற்று தள்ள, விமானம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், நிலத்தின் கோடியில் இருந்த கல் சுவரில் போய் மோதியது. அவன் பிழைக்கவில்லை.

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"பாத்ரூம் போயிருந்தேன் சார். கீழதான் பாத்ரூம்."

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்தது இரக்கம். அதைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை. அறிக்கையில் அவளைக் குறை சொல்லி ஒரு வரிகூட இல்லை. ஒரே ஆளை வைத்து வேலை வாங்கிய நிர்வாகத்தைத்தான் கண்டித்திருந்தார்கள். மெக்கானிக்குக்கு வேலை போயிற்று. ஆசிரியர் தானாகவே விலகிக்கொண்டார். அவளுக்கு மட்டும் மேலேயே கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். கொத்தனார் வந்து செங்கல் அடுக்கிய பதினோரு நாளும் அவள் அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டியபடி வேலை பார்த்தாள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 'பதில் கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என உறுதியாகக் கூற இயலாது.' பாத்திரம் கழுவும்போது, பேருந்தில் நிற்கும்போது, அந்த வாக்கியத்தை அவள் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். உறுதியாக. கூற இயலாது.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. ரேடியோவில் யாரும் பேசாத நேரத்தில் சில சமயம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். யாரோ பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் விட்டதுபோல. பெரும்பாலும் பத்தே முக்கால் வாக்கில். மேலே பறப்பவர்களைக் கேட்டால், நாங்கள் அழுத்தவில்லை என்பார்கள். ரேடியோ பழுது பார்ப்பவர் இரண்டு முறை வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் மைக்கை எடுத்து, பெயரில்லாமல், காற்றை மட்டும் சொல்வாள். "காத்து வடக்கேருந்து. ஆறு நாட்." சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும்.

தங்கை தொலைபேசியில் கூப்பிட்டால் அவள் அளந்துதான் பேசுவாள். சிரிக்கவே மாட்டாள். "என்மேல உனக்கு என்னதான் கோவம்? கல்யாணத்துக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்த?" என்று தங்கை பல முறை கேட்டிருக்கிறாள். கோபம் எதுவும் இல்லை என்பாள். காரணத்தைச் சொன்னால், அன்று தொலைபேசியில் கூப்பிட்டது தங்கைதான் என்பதையும் சொல்ல வேண்டும். வரன் வந்தபோதெல்லாம் வேறு ஏதோ சொல்லித் தட்டிக் கழித்தாள். பின்பு வருவதும் நின்றது.

இப்படியே வருடங்கள் ஓடின. போன வருடம் 'தலகாணி' சேர்ந்தாள். பதினேழு வயது, நாலே முக்கால் அடி. இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் கண்ணாடிக்கு வெளியே அவளுக்கு வானம் தெரியும். பூப்போட்ட உறை போட்ட அந்தத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுபாதை ஓரமாக நடந்து வருவாள். அவள் முதல் முறை தனியாகப் பறந்து இறங்கிய நாளில் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"அக்கா, நான் இறங்கினது எப்படி இருந்துச்சு?"

"மூணு தடவ இறங்கின. மூணாவது நல்லா இருந்துச்சு."

சக்கரம் தரையில் பட்டு இரண்டு முறை துள்ளியிருந்தது. தலகாணி சிரித்தாள். பிறகு, "அக்கா, எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி உங்களக் கேட்டாங்க" என்றாள்.

"என்னை யாருக்குத் தெரியும்?"

"அவங்களுக்கு உங்க குரல் தெரியும். அடுப்படியில சின்னதா ஒரு ரேடியோப் பெட்டி வச்சிருக்காங்க. நம்ம பேசறது எல்லாம் அதுல கேக்கும். நான் பறந்தா, 'இன்னைக்குப் பத்து மணிக்குக் கிளம்பினியே, குரல் ஏன் நடுங்குச்சு'ன்னு கேப்பாங்க. அவங்க பையனும் இங்கதான் படிச்சாராம். முடிஞ்சா ஒரு நாள் வரச் சொன்னாங்க."

டவர் அக்கா நோட்டில் நேரத்தை எழுதினாள். தப்பாக எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போகவில்லை. ஐந்தாவது ஞாயிறு போனாள்.

ஓடுபாதைக்கு மூன்று கிலோமீட்டர் தூரத்தில், ஒரே மாதிரி கட்டிய வீடுகள் உள்ள தெரு. கதவைத் திறந்த விசிலின் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். பார்வை நேராக இருந்தது. கூடத்தில் உட்காரச் சொல்லாமல் அடுப்படிக்கே கூட்டிப்போனாள். அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவில், சோப்புப் பெட்டி அளவில் அந்த ரேடியோ இருந்தது. அன்று பறப்பு இல்லை. ஆனாலும் அது போட்டபடியே மெல்ல இரைந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அவன்தான் பழைய கடையில வாங்கிட்டு வந்தான்" என்றாள் அம்மா. "நான் பேசறத நீ கேக்கலாம்மான்னு. நாம பேசினா அது வழியா போகாது. கேக்க மட்டும்தான்."

அவள் தலையாட்டினாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் தொடவில்லை.

"அன்னைக்கும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். மூணு தடவ கூப்பிட்டான். முதல் தடவ நீ பதில் சொல்லலன்னு நான் பெருசா எடுத்துக்கல. ரெண்டாவது, எஞ்சின்னு ஏதோ சொன்னான். சத்தத்தக் கூட வச்சேன். மூணாவது, காத்து எந்தப் பக்கம்னு கேட்டான்." அம்மா சன்னலைக் காட்டினாள். "கொல்லைக்கு ஓடினேன். துணி காயப் போட்டிருந்தேன். எல்லாத் துணியும் தெற்கு பாத்துப் பறந்துது. காத்து வடக்கேருந்து வருது. எனக்குத் தெரிஞ்சுடுச்சு. உள்ள ஓடி வந்து பெட்டிகிட்ட சொன்னேன், வடக்கேருந்துடா, வடக்கேருந்துன்னு. ரெண்டு தடவ சொன்னேன்."

அலமாரியில் ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது.

"அதுக்கப்புறமும் நான் இத நிறுத்தல. முதல்ல, இன்னொரு தடவ நீ பதில் சொல்லாம விடுவியா, பாக்கலாம்னுதான் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷம். ஒரு தடவகூட நீ விடல. எனக்கே ஒரு கட்டத்துல ஏமாத்தமா இருந்துச்சு."

"அம்மா..."

"ஒண்ணு கேக்கணும்னுதான் வரச் சொன்னேன். பத்தே முக்கால் வாக்குல, சில நாள், யாரும் கூப்பிடாமலே காத்து எந்தப் பக்கம்னு சொல்றியே. அது யாருக்கு?"

"ஒரு சத்தம் வரும்மா. யாரோ பொத்தான அழுத்தின மாதிரி. டிக்குனு."

அம்மா அலமாரி ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு அப்படி ஒரு சத்தமும் கேட்டதில்லையே" என்றாள். "நீ பேசறது கேக்கும். உனக்கு முன்னாடி எதுவும் கேக்காது. ஒரு தடவகூட."

அப்போதுதான் அவளுக்குள் கட்டிவைத்திருந்தது சரிந்தது. அழுகை வரவில்லை. பேச்சுதான் வந்தது.

"நான் அன்னைக்கு பாத்ரூம் போகலம்மா. விசாரணையில பொய் சொன்னேன். கீழ ஃபோன்ல பேசிட்டிருந்தேன். என் தங்கச்சிகிட்ட. சிரிச்சிட்டிருந்தேன்."

அம்மா தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"எதுக்குச் சிரிச்ச?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "என்னம்மா?"

"என்ன கதைக்குச் சிரிச்சன்னு கேக்கறேன். எனக்குத் தெரியணும்."

சொன்னாள். புது மாப்பிள்ளை, விருந்தாளிகளுக்கு நானே டீ போடுகிறேன் என்று போனவர், சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டார். வந்த ஆறு பேரும் மரியாதைக்காக முகம் சுளிக்காமல் குடித்தார்கள். கடைசியில் மாமனார் இன்னொரு கப் கேட்டார். இவ்வளவுதான் கதை. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏன் இன்னொரு கப் கேட்டாரு?"

"தெரியலம்மா. மரியாதைக்குத்தான் இருக்கும்."

அம்மா எழுந்து அடுப்பைப் பார்த்து நின்றாள். அடுப்பில் ஒன்றுமில்லை. வெளியே யாரோ தெருவில் சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"உன் தங்கச்சிக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத" என்றாள் அம்மா, திரும்பாமலே. "அவளாவது தூங்கட்டும்." பிறகு, "நீ கிளம்பு. இனிமே இங்க வர வேண்டாம்" என்றாள்.

மறுநாள் அவள் பள்ளி மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் புது ஆள். அந்த விபத்தின்போது வேறெங்கோ வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். "பதினாறு வருஷம் கழிச்சு இத எதுக்கும்மா கிளறணும்? கோப்ப மூடியாச்சு" என்றார். அவள் தானே உட்கார்ந்து விசாரணைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினாள். வேலை போகும், வழக்கு வரும் என்று துணிமணிகளைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்தாள். இரண்டு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது. அவள் அதைப் பல முறை திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தாள். ஆனால் விட்டால், அந்த அடுப்படியில் வேறொரு குரல் கேட்கும். அது சரியில்லை என்று பட்டது. ஏன் சரியில்லை என்று அவளால் விளக்க முடியவில்லை.

'டிக்' என்ற சத்தம் இப்போதும் வருகிறது. அவள் மைக்கைக் கையில் எடுக்கிறாள். பதில் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதனால் முன்பைவிடத் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, காற்றைச் சொல்கிறாள்.

போன மாதம் ஒரு காலை. பத்துப் பதினைந்து மாணவர்கள் கொட்டகை நிழலில் காத்திருந்தார்கள். தலகாணி படியேறி வந்து வாசலில் தயங்கி நின்றாள்.

"என்னடி, பறக்கப் போகலயா?"

"போறேன்கா. ஆன்ட்டி ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. எனக்கே கேக்க ஒரு மாதிரி இருக்கு."

"சொல்லு."

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்குப் புதுசா சேர்ந்த பையன் கூப்பிட்டான்ல? நீங்க பதில் சொல்ல எட்டு விநாடி ஆச்சாம். எப்பவும் மூணு விநாடிக்குள்ள வந்துடுமாம். ஏன் லேட்டுன்னு கேக்கச் சொன்னாங்க."

டவர் அக்கா சன்னல் பக்கம் பார்த்தாள். ஓடுபாதைக் கோடியில் ஒரு விமானம் திரும்பி நின்றது.

"தும்மல் வந்துச்சுன்னு சொல்லு" என்றாள். "ரெண்டு தும்மல்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மறக்காம சொல்லிடு, காத்துட்டிருப்பாங்க."

தலகாணி தலையாட்டிவிட்டு, தலையணையை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். ரேடியோவில் யாரோ ஒரு மாணவன் கூப்பிட்டான். இரண்டாவது விநாடியில் அவள் மைக்கை அழுத்தியிருந்தாள்.